பதினான்கு ‘இங்கே’

அத்தியாயம் 17

ப்ரீதி மாடிப்படி ஏறும் விதம் யதிராஜுக்குப் பழகியது. பதினாறு படி. பன்னிரண்டாவதில் ஒரு கணம் தாமதிப்பாள். அங்கே சுவரில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. இன்று தாமதிக்கவில்லை.

“அத்திம்பேர், நான் எப்போ வேண்டாம்னு சொன்னேன்?”

யதிராஜ் ஒரு காலில் மட்டும் சேஃப்டி ஷூ போட்டிருந்தான். மற்றது கையில் இருந்தது. அவள் போனை நீட்டினாள்.

‘தங்கள் விருப்பப்படி விண்ணப்பம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நன்றி.’ காலை 9.10.

இரண்டு முறை படித்தான். கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தான்.

அந்த வேலைக்காக இந்த வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் யதிராஜின் கம்பெனியில், நாலாயிரம் தொழிலாளர்களுக்கான தொலைபேசி உதவி மையத்தில் இரண்டு இடங்கள். பஸ் எங்கே நிற்கும், லீவு எத்தனை மீதி என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. பார்வையில்லாதவர்களுக்கென்றே ஒதுக்கியவை. மைத்துனி ப்ரீதிக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். முடித்து ஐந்து வருஷம் ஆகிறது. அவள் அப்பா வரது கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். அந்த லாரி ரோட்டில் நீ போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் மகளோடு பேசாமல் இருந்தார். கம்பெனி பஸ் தேரடிக்கே வருகிறது என்று யதிராஜ் அடித்துச் சொன்ன பிறகு, புதன்கிழமைதான் இறங்கி வந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு விண்ணப்பம் மூடுகிறது. மாற்றுத்திறனாளி அட்டையின் நகலைச் சேர்ப்பது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

“அட்டையைத்தான் சேர்த்தேன். உறுதிதானான்னு கேட்டுது. ஆமான்னேன்” என்றாள் ப்ரீதி. “திரும்பப் போட்டா, இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒருத்தர் விலகியாச்சுன்னு சொல்றது.”

கீழேயிருந்து மாமியார் பத்மாசினி ஏறி வந்துவிட்டாள். முட்டி வலிக்காரி. மாடிக்கு அவள் வருவதே அபூர்வம். மூச்சு வாங்கியபடி மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“கோயில்லேர்ந்து பன்னெண்டு மணிக்கு வருவர். வந்த உடனே இதைச் சொல்லிண்டு நிக்காதேங்கோ. பெருமாளே வேண்டாம்னுட்டார்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவர்.”

அது உண்மை. வரதுவின் சம்மதம் இன்னொரு முறை கிடைக்காது.

“எப்படிப் பண்ணினேன்னு காட்டு” என்றான் யதிராஜ்.

எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறான். அவள் கம்ப்யூட்டர் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. ப்ரீதி மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல் பேச ஆரம்பித்தது. அது பேச்சு என்றே முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் இருந்தது. அவள் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். விரல்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. குரல் ஒரு சொல்லைத் தொடங்கும்போதே அவள் அடுத்ததற்குத் தாவியிருந்தாள்.

“இது தமிழா?”

“தமிழ்தான். நாலு மடங்கு வேகம். இருங்கோ, உங்களுக்காகக் குறைக்கறேன்.”

குறைத்தாள். அப்போதும் அவனுக்குப் பாதிதான் புரிந்தது. இத்தனை வேகத்தில் ஒருவர் உலகத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியும் என்று அவனுக்குத் தெரியாது. கீழே அவள் அறையில் இது தினமும் நடந்திருக்கிறது. கடுகு பொரிகிற சத்தம் என்றே இவ்வளவு நாளும் இருந்திருக்கிறான்.

“பக்கம் முழுக்க நான் கேக்க மாட்டேன், அத்திம்பேர். நீங்க முதல்ல மேலோட்டமா ஒரு பார்வை பாக்கறேளோல்லியோ, எனக்கு அது லிங்க் பட்டியல். அதை மட்டும் தனியா எடுத்துண்டு, எது வேணுமோ அங்கே போயிடுவேன். இப்போ கேளுங்கோ.”

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள்.

“இங்கே க்ளிக் செய்யவும். லிங்க். இங்கே க்ளிக் செய்யவும். லிங்க். இங்கே க்ளிக் செய்யவும். லிங்க்.”

பதினான்கு முறை சொல்லிவிட்டுக் குரல் நின்றது.

யதிராஜ் திரையைப் பார்த்தான். ‘அட்டையின் நகலைச் சேர்க்க இங்கே க்ளிக் செய்யவும்’ என்று தெளிவாகத்தான் இருந்தது. முன்பாதி கறுப்பு, பின்பாதி நீலம். கண் இரண்டையும் சேர்த்து வாசித்துக்கொள்ளும். நீலத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் எல்லாம் ‘இங்கே’. எங்கே என்பது பின்தங்கிவிடுகிறது.

“அட்டை ஒன்பதாவது லிங்க்னு ஞாபகம் இருந்தது. அதனால எண்ணிண்டே போய் ஒன்பதாவதை அழுத்தினேன். அக்கா பண்ணினபோது அதுதான் ஒன்பதாவது. யாரோ ஒரு பிரகஸ்பதி வரிசையையும் மாத்தி, பேரையும் அழிச்சு வெச்சிருக்கான்.”

அந்தப் பிரகஸ்பதி குனிந்தான். இன்னொரு ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அக்கா என்றால் ஸௌம்யா. யதிராஜின் மனைவி. இருவருக்கும் ஒரே கம்பெனிதான். இணையப் பக்கங்களை எழுதுவது அவள் வேலை, நெட்வொர்க் இவன் வேலை. பிப்ரவரியில் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். இவன் மாமனார் வீட்டு மாடிக்கு வந்தான்; அவளுடைய பக்கங்கள் இவனிடம் வந்தன.

ஜூன் மாதம் ஃபைவ்-எஸ் தணிக்கை நடந்தது. அதது அதனதன் இடத்தில், எல்லாம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கும் தணிக்கை. தரையில் மஞ்சள் கோடு, ஸ்பேனருக்கு ஒரே அளவில் சீட்டு, துடைக்கிற துணிக்குக்கூட ஒரு கட்டம். இந்தச் சாலையில் உள்ள கம்பெனிகளில் அதற்கு அப்பீல் கிடையாது. எல்லாப் பிரிவும் தன் பங்குக்கு எதையாவது சீர்ப்படுத்தியது. யதிராஜ் இணையப் பக்கங்களைச் சீர்ப்படுத்தினான். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இருநூற்றுப் பதினாறு லிங்க்குகளையும் ஒரே மாதிரி ஆக்கினான். வரிகளை நீளத்தின்படி வரிசை மாற்றி அடுக்கினான். பார்க்க அழகாக இருந்தது. தணிக்கையில் முழு மதிப்பெண். ஐ.டி. அறை அலமாரியில் ஒரு கேடயம் நிற்கிறது.

“கிளம்பு. லேப்டாப்பையும் எடுத்துக்கோ” என்றான்.

பத்மாசினி சமையலறைக்கு இறங்கினாள். இரண்டு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். வரது கேட்டால் டாக்டரிடம் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

ஸ்கூட்டரில் போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்வரை நெரிசல். அதற்கப்புறம் காற்று. சொல்ல வாய் திறந்தபோது ப்ரீதி அவன் தோளைத் தட்டினாள்.

“பின்னாடி கார் ஏத்தற டிரெய்லர் வரது. காலி. ஓரமா போங்கோ.”

கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. ஓரம் கட்டினான். சிறிது நேரத்தில் அது வந்தது. கார் ஏற்றும் தட்டுகள் எல்லாம் காலியாக, கடகடத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனது.

*

கேட்டில் ப்ரீதிக்கு விருந்தினர் அட்டையும் ஆரஞ்சு நிற மேலங்கியும் கொடுத்தார்கள். மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கும் ஷாரோன் வாசலுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஸௌம்யாவோடு மூன்று வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டவள்.

மேலாளர் வனமாமலை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விதி என்றால் விதி. யதிராஜ் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“பிள்ளையே ஆமான்னு அமுக்கியிருக்கு. நான் என்ன செய்யட்டும்? ஒங்க வீட்டுப் பிள்ளைன்னு தொறந்து விட்டா, நாளைக்கு நாலு பேரு என்னை என்ன கேப்பான்னு சொல்லுங்க.”

அது நியாயம்தான். ப்ரீதிதான் பேசினாள்.

“சார், இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கறேளா? அட்டையை எங்கே சேர்க்கணும்னு நீங்களே கண்டுபிடியுங்கோ.”

அவர் சிரித்தார். பிறகு, வந்த பிள்ளை கேட்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டார். லேப்டாப் அவர் பக்கம் நகர்ந்தது. பதினான்கு ‘இங்கே’ ஒன்றன்பின் ஒன்றாக அந்த அறையில் விழுந்தன. நாலாவதிலேயே வனமாமலையின் நெற்றி சுருங்கியது. முடிந்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொல்லு என்றார். இன்னொரு தடவையும் அதுவேதான். கடைசியில் மனம் போன போக்கில் ஐந்து என்றார்.

“உங்க பேர், முகவரியைத் திருத்தற பக்கத்துக்குப் போயிட்டேள். பரவாயில்லை. நான் விலகியே போயிட்டேன்.”

வனமாமலை கண்ணைத் திறந்தார்.

“பிளான்ட்டுல எல்லா வால்வுலயும் ‘இதைத் திருப்பு’ன்னு ஒட்டி வச்சா வெளங்குமா? யாரு பாத்த வேலை இது?”

“நான்தான் சார்” என்றான் யதிராஜ். “ஜூன்ல. தணிக்கைக்காக.”

ப்ரீதியின் முகம் அவன் குரல் வந்த பக்கம் திரும்பியது. அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில் ஷாரோன் தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தேடியது கிடைத்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

“சார், இந்த போஸ்ட்டுக்கு மொத்தம் ஒம்போது பேரு. அதுல ஆறு பேரு வேணான்னு போயிருக்காங்க சார். ஆறும் இதே பக்கத்துல இருந்துதான். நாம இன்னா நெனச்சோம்? தூரம்னு பயந்துட்டாங்கன்னு பேசிக்கினு இருந்தோம்.”

வனமாமலை எழுந்து போய் அவள் திரையைப் பார்த்தார்.

ஆறு பேர். யதிராஜ் அந்தச் சனிக்கிழமையை நினைத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு, ஒரு சொல்லை இன்னொரு சொல்லால் மாற்றியது. ப்ரீதியைத் தவிர, முகம் தெரியாத ஐந்து பேர் வீட்டிலும் ‘நன்றி’ என்று ஒரு செய்தி போய் விழுந்திருக்கிறது. யாரும் கேட்கக்கூட இல்லை. தங்கள் மேல்தான் தவறு என்று இருந்திருப்பார்கள்.

வனமாமலை முடிவு சொன்னார். ஒருத்திக்காகத் திறக்க முடியாது, ஆறு பேருக்காகத் திறக்கலாம். இரண்டு நிபந்தனை. முதலில் பக்கம் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இதே கூத்துதான். அடுத்தது, விண்ணப்ப எண் வரிசைப்படி ஒவ்வொருவராகத் திறக்க வேண்டும்.

“ஒங்க பிள்ளை நம்பர் கடைசி. கடைசியாத்தான் வரும். நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டேன். அது மேலிடத்து உத்தரவு.”

அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

வெளியே வந்ததும் ஷாரோன் ப்ரீதியின் காதருகே சொன்னாள். “ஏங்க, ரெண்டு சீட்டு தான். அவங்கள கூப்ட்டா உங்களுக்குத் தான் போட்டி ஜாஸ்தி. யோசிச்சிக்கங்க.”

“யோசிச்சாச்சு. நம்பரைச் சொல்லுங்கோ” என்றாள் ப்ரீதி.

*

பழைய பக்கத்தை மீட்கலாம் என்று யதிராஜ் நம்பியிருந்தான். சேமிப்பில் முப்பது நாள் நகல்தான் இருந்தது. ஜூனில் அழித்தது அக்டோபரில் எப்படி இருக்கும்? ஸௌம்யா எழுதிய வரிகள் எங்கும் இல்லை.

புதிதாக எழுதத் தொடங்கினான். ‘அட்டை’ என்று அடித்துவிட்டு நின்றான். ஏழு வருஷம் கணினியோடு இருந்தவனுக்கு அடுத்த சொல் வரவில்லை.

ஐ.டி. அறையில் அவனும் ப்ரீதியும் மட்டும் இருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷாரோன் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். ப்ரீதி நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். வனமாமலையின் அறையிலிருந்து வந்தபின் அவனிடம் அவள் பேசவில்லை.

“அடிச்சுக்கோங்கோ” என்றாள் திடீரென்று. “ஒண்ணு. ‘புதிதாக விண்ணப்பிக்க’. இரண்டு. ‘நிரப்பிய விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்க’. மூணு. ‘பெயர், முகவரி திருத்த’.”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“நாலு. ‘தேர்வு விதிகள், பிடிஎஃப், நான்கு பக்கம்’. திறந்தா என்ன வந்து விழும்னு முன்னாடியே தெரியணும்பா அக்கா. அஞ்சு. ‘கம்பெனி பஸ் நிற்கும் இடங்களும் நேரமும்’. ஏன் அடிக்காம இருக்கேள்? சத்தம் கேக்கலையே.”

அடித்தான். அவள் நிற்காமல் சொன்னாள். ஒரு சொல்லைக்கூடத் தேடவில்லை. ஒன்பதாவது: ‘அட்டையின் நகலைச் சேர்க்க’. பன்னிரண்டு: ‘நேர்காணலுக்குத் துணைக்கு வருபவர் பெயரைப் பதிய’. துணைக்கு ஒருவர் வருவார் என்று கம்பெனியில் வேறு யாருக்குத் தோன்றியிருக்கும் என்று யதிராஜ் யோசித்தான். அவனுக்குத் தோன்றியிருக்காது. எழுத்து எழுத்தாக அந்தப் பக்கம் திரையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவன் எடுத்து எறிந்ததை ஒருத்தி அப்படியே மனதில் வைத்திருக்கிறாள். எத்தனை மாதமாக, எதற்காக என்று இல்லாமல்.

“உனக்கு எப்படி இத்தனையும்?”

“தினம் மத்தியானம் ஒன்றரைக்கு அக்கா போன் பண்ணுவா. பக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. லிங்க்கை மட்டும் வாசிப்பா. ‘இதை மட்டும் கேட்டா, எங்கே போகும்னு தெரியறதா?’ம்பா. தெரியறதுன்னா வெச்சுப்பா. தெரியலேன்னா மறுநாள் வேற எழுதிண்டு வருவா. இந்தக் கடைசி லிங்க் ஒண்ணுக்கே பதினோரு நாள் ஆச்சு.”

“எந்தக் கடைசி?”

“பதினாலு. முதல்ல ‘விண்ணப்பத்திலிருந்து விலக’ன்னுதான் வெச்சிருந்தா. நான்தான் சரியில்லேன்னேன். நாங்க முதல் சொல் காதுல விழுந்ததுமே தாவிடுவோம். விண்ணப்பம்னு ஆரம்பிச்சா எது எதுன்னு தெரியாது. கடைசியில ‘விலக, இனி வேண்டாம் என்றால் மட்டும்’னு போட்டா. விலகங்கறது முதல்ல வந்துடுத்தா, எந்த வேகத்துல போனாலும் விரல் நின்னுடும்.”

அவன் அதை அடித்தான். ‘உறுதிதானா?’ என்று மட்டும் கேட்ட பெட்டியையும், எதற்கு உறுதி என்று சொல்லும்படி மாற்றினான்.

வேலை முடிந்த பிறகுதான் அவள் கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

“தணிக்கைக்காகன்னு சொன்னேளே. அது மட்டுந்தானா?”

யதிராஜ் விசைப்பலகையைப் பார்த்தபடி இருந்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

“தினம் திறந்தா அவ எழுதினது கண்ணுல பட்டுண்டே இருந்தது. அவ பேசற மாதிரியே இருக்கும். படாம இருந்தாப் போதும்னு இருந்தது.”

கண்ணாடிக்கு அப்பால் இரண்டரை மணி ஷிஃப்டுக்கான சைரன் ஒலித்து ஓய்ந்தது.

“எனக்குக் கண்ணுல படாது, அத்திம்பேர். காதுல விழுந்துண்டிருந்தது. பஸ் நேரம் பாக்கறேன்னு சும்மாவாவது அந்தப் பக்கத்தைத் திறப்பேன். ஜூன்ல ஒருநாள் திறந்தேன். எல்லாம் ‘இங்கே’ன்னு சொல்லித்து.”

மேஜையில் தயிர்சாத டப்பா திறக்காமல் இருந்தது. அவன் ஒன்றைத் திறந்து ஸ்பூனை அவள் கையில் வைத்தான். மன்னிப்பு என்று அவனுக்கு வந்தது அவ்வளவுதான். அவள் வாங்கிக்கொண்டு சாப்பிட்டாள்.

*

மூன்று மணிக்குத் திறந்தார்கள். ஆறு பேரில் முதல் நால்வரையும் ஷாரோன் பிடித்துவிட்டாள். அவர்கள் அவரவர் ஊரிலிருந்தே அட்டையைச் சேர்த்தார்கள். ஒருவர் முடித்துவிட்டு, இந்தப் பக்கம் முன்பு இப்படி இல்லையே என்று கேட்டாராம்.

ஐந்தாவது பேச்சி என்ற பெண். போனை எடுக்கவில்லை. மூன்றரைக்கு எடுத்தாள். நம்பவில்லை. நானே வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னீர்களே, இப்போது என்ன என்று கேட்டாள். ஷாரோன் விழித்தாள். ப்ரீதி போனை வாங்கிக்கொண்டாள்.

“நானும் உங்களை மாதிரித்தான். ஒன்பதாவதை அழுத்தினேன். நீங்க எதை அழுத்தினேள்?”

இருவரும் பேசிக்கொண்டார்கள். யதிராஜுக்கு அது பாதி புரியவில்லை. விசைகளின் பெயர், குரலின் வேகம், ஒரு சிரிப்பு. உதவி மையத்து வேலையை ப்ரீதி இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டாள். மூன்று நாற்பத்தெட்டுக்குப் பேச்சியின் அட்டை வந்து சேர்ந்தது. வரிசை நகர்ந்தது.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு ப்ரீதியின் எண் திறந்தது.

வனமாமலை அறையிலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றார். ப்ரீதி குரலை அதன் முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டாள். கடுகு பொரிந்தது. யதிராஜ் அந்தப் பொரிதலுக்குள் ஒரு சொல்லையாவது பிடிக்கப் பார்த்தான். ‘அட்டையின்’ என்று ஒன்று காதில் விழுந்தாற்போல் இருந்தது. அதற்குள் அவள் அங்கே நின்றிருந்தாள்.

“அட்டையின் நகலைச் சேர்க்க உறுதியா?” என்று கேட்டது பெட்டி.

அவள் விரல் அரை நிமிஷம் நகரவில்லை. இன்னொரு தடவை அந்தக் கேள்வியை வரவழைத்துக் கேட்டாள். ஆம் என்பதை அழுத்தினாள்.

போன் அதிர்ந்தது. ‘அட்டை கிடைத்தது. விண்ணப்பம் முழுமை பெற்றது.’ 3.54.

“ஒம்போது பேரும் இருக்காவ” என்று ஷாரோனிடம் சொன்னார் வனமாமலை. “எல்லாரும் திங்கக்கிழமை வரட்டும். இவ ஒருத்திக்குன்னு தனி வழி கிடையாது, ஆமா.” ப்ரீதியைப் பார்த்து, “அந்தக் குரலைக் கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லும்மா, எனக்குத் தலை சுத்துது” என்றுவிட்டுப் போனார். ஷாரோன் பத்மாசினிக்குப் போன் செய்ய வெளியே ஓடினாள்.

நான்கு மணிக்கு விண்ணப்பத்தை மூட வேண்டும். யதிராஜ் தன்னுடைய பராமரிப்புப் பக்கத்தைத் திறந்தான். அவன் மட்டும் பார்க்கிற பக்கம். எட்டு மாதமாக ஒருநாள் விடாமல் திறப்பது. அதை ஜூனில் அவன் சீர்ப்படுத்தவில்லை. வெளியாருக்குத் தெரியாததைத் தணிக்கைக்காரர் பார்க்க மாட்டார்.

“அதையும் கேட்டுப் பாத்துட்டு மூடுங்கோ” என்றாள் ப்ரீதி. “அக்கா கேக்காம எதையும் மூட மாட்டா.”

தன் ஹெட்போனை அவனுக்குக் கொடுத்தாள். வேகத்தைக் குறைத்து, அந்த இரண்டு விசைகள் எவை என்று அவன் விரலை எடுத்து வைத்துக் காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

விண்ணப்பத்தைத் திறக்க. விண்ணப்பத்தை மூட. வந்தவற்றைப் பட்டியலிட. நகல் எடுக்க. கடவுச்சொல் மாற்ற. வெளியேற. ஆறும் அவனுக்குத் தெரிந்தவை.

குரல் நிற்கவில்லை.

“எனக்கு அடுத்து இந்தப் பக்கங்களைக் காதால் சோதிப்பவருக்கு, ஸௌம்யாவின் குறிப்புகள். லிங்க்.”

கண்ணைத் திறந்தான். திரையில் ஆறுதான் இருந்தன. மேலிருந்து கீழ் எண்ணினான். ஆறு. மறுபடி அழுத்தினான். ஏழு. கண்ணுக்குக் காட்டாமல், கேட்பவருக்கு மட்டும் சொல்லும்படி ஒரு லிங்க்கை எழுத முடியும் என்று அவனுக்குத் தெரியும். எட்டு மாதமாக அது அவன் கண்முன்னால் இருந்திருக்கிறது. தினம் அதன்மேல் பார்வையை ஓட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

பிப்ரவரிக்குப் பிறகு அவனுக்கு இப்படி எதுவும் நேர்ந்ததில்லை.

அது எழுதப்பட்ட தேதியைத் தேடினான். ஜனவரி ஒன்பது.

ஜனவரி ஒன்பதாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் இல்லை. தலைவலிகூட இல்லை. அன்று படப்பையில் மனை பார்த்துவிட்டு வந்தார்கள். வரும் வழியில் கரும்புச்சாறு இரண்டு டம்ளர் குடித்தாள். வேலையை விடப்போவதாகவோ எங்காவது போகப்போவதாகவோ ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஏன் ‘எனக்கு அடுத்து’?

ஹெட்போனைக் கழற்றி ப்ரீதியின் காதில் வைத்து அந்த லிங்க்கை மட்டும் ஒலிக்கவிட்டான். அவள் கேட்டாள். அவள் கை மேஜையின் விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“அத்திம்பேர்” என்றாள். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. “இதை மட்டும் கேட்டா, எங்கே போகும்னு தெரியறதா?”

“தெரியறது” என்றான் யதிராஜ்.

அவன் விரல் அதைத் திறக்கும் விசையின்மேல் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடித்தது. விரல் இன்னும் இறங்கவில்லை.